எப்போதும் நிறைந்திருந்த தட்டு: கடலூர் வீட்டுத் தோட்டம் ஒன்றில் புறாக்கள் செத்த நிகழ்வு

2025 ஜனவரி 6-ஆம் தேதி காலை, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மணிப்புறா செத்துக் கிடந்தது. புத்தகங்களில் இதைப் புள்ளிப்புறா என்பார்கள். பின்கழுத்தில் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளைப் பொட்டுகள். யார் வம்புக்கும் போகாத பறவை. பூனை கடித்த தடம் எதுவும் இல்லை. அத்தை ஒரு பழைய துணியில் சுற்றி முருங்கைக்கு அடியில் புதைத்தார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டோம். அடுத்த மூன்று வாரத்துக்குள் அதே தோட்டத்தில் ஏழு பறவைகள் செத்துவிட்டன. ஐந்து மணிப்புறா, இரண்டு மாடப்புறா. ஏழுமே நாங்கள் வைத்த தானியத்தைத் தின்ன வந்தவை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடியிலோ தோட்டத்திலோ பறவைக்குத் தட்டு வைக்கிற வீடுகள் எனக்கே பல தெரியும். எல்லோரும் நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் வைத்தோம். எங்கே தவறினோம் என்பதைத் தேதிவாரியாக எழுதிவைக்கத் தோன்றியது. எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் பறவைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவந்ததால்தான் இது முடிந்தது.

தோட்டமும் தட்டும்

வீடு புதுப்பாளையத்தில் இருக்கிறது. கெடிலம் ஆறு நடந்துபோகிற தூரம். தோட்டம் சின்னதுதான்: ஒரு தென்னை, முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை, துவைக்கிற கல், மூன்று பக்கமும் மதில். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. மாமா போன பிறகு காக்காவுக்கு வைக்காமல் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. சோறு வடித்ததும் ஒரு பிடி எடுத்து, அதில் ஒரு சொட்டு நெய் விட்டு, வாழையிலைத் துண்டில் மதில்மேல் வைப்பார். ‘கா கா’ என்று இரண்டு தடவை கூப்பிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் இலை காலியாகிவிடும். இந்த இலைக்கு நான் மறுபடி வரவேண்டியிருக்கிறது.

தட்டு வைத்தது என் யோசனை. 2024 ஏப்ரல் கடைசி, கத்திரி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. குழாயடியில் சொட்டுகிற தண்ணீருக்காக ஒரு மைனா வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். மறுநாளே தண்ணீருக்கு அகலமான மண்சட்டி ஒன்றும் தானியத்துக்கு மண் தட்டு இரண்டும் வாங்கிவந்தேன். கம்பு, நொய்யரிசி, கொஞ்சம் தினை. முதல் நாள் காகமும் அணிலும் மட்டும் வந்தன. மூன்றாம் நாள் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டே வந்து சட்டிக்குள் இறங்கிக் குளித்தன. கொண்டைக்குருவி தண்ணீருக்கு வரும், தானியத்தைத் திரும்பிப் பார்க்காது. குயில் கறிவேப்பிலைப் பழத்துக்கு வந்தது. குயில்தான் புதுச்சேரியின் மாநிலப் பறவை, அணில் மாநில விலங்கு என்று சொன்னபோது, “அப்போ நம்ம தோட்டம் பாண்டிச்சேரியாம்மா?” என்று மகள் கேட்டாள்.

அந்த ஜூலையில் நோட்டில் இருக்கிற எண்ணிக்கை: ஒரே நேரத்தில் அதிகபட்சம் மணிப்புறா 4, மாடப்புறா 6. சிட்டுக்குருவி இல்லை.

தட்டை நாங்கள் காலியாக விட்டதே இல்லை. காலியாக இருந்தால் மகளுக்கு மனசு கேட்காது, எனக்கும்தான். குறையக் குறையக் கொட்டினோம். அடியில் இருக்கிற பழைய தானியத்தின் மேலேயே புதியதைக் கொட்டினோம். தட்டைக் கழுவியது வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் அதுவும் இல்லை.

புயலுக்குப் பிறகு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரோடு போயிற்று. தென்னையில் பாதி மட்டை விழுந்துவிட்டது.

மழை விட்ட அன்று மதிலில் நனைந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்த பறவைகளைப் பார்த்தபோது அழுகையே வந்தது. இரண்டு தட்டு வைத்த இடத்தில் நான்கு வைத்தோம். வாரத்துக்கு இரண்டு கிலோ வாங்கிய கம்பு ஐந்து கிலோ ஆயிற்று. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தீனி சரியாகக் கிடைக்காத நாட்கள் அவை. டிசம்பர் மூன்றாம் வாரம் நோட்டில் மகள் எழுதியிருப்பது: மணிப்புறா 17, மாடப்புறா 60-க்கு மேல், எண்ண முடியவில்லை.

அந்த வாரங்களில் தோட்டத்தில் எதுவுமே காயவில்லை. மழை விட்டால் மார்கழிப் பனி. மண் தட்டு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொட்டால் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கம்பு ஊறி, முளைவிட்டு, அடியில் புளித்த வாடை வந்தது. மேலே கொடிக்கயிற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்த மாடப்புறாக்களின் எச்சம் நேராகத் தட்டில்தான் விழுந்தது. இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பறவைகள் நிறைய வருகிற சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை.

மூன்றாவது புறா

ஜனவரி 11-இல் இரண்டாவது மணிப்புறா செத்தது. அதைச் சாக்குப் பையில் வைத்து, செத்து ஆறு மணி நேரம் ஆன பிறகு, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். தொண்டையிலிருந்து பஞ்சால் ஒற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. “காஞ்சு போச்சும்மா. அடுத்த தடவை உசுரோட இருக்கிறப்பவே கொண்டாங்க” என்றார்.

காணும் பொங்கலுக்கு மறுநாள், 17-ஆம் தேதி, மூன்றாவது புறாவைக் கண்டோம். தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் இரண்டடி தூரத்தில் போய் நின்றும் பறக்கவில்லை. வாயோரமும் கழுத்து இறகும் நனைந்து ஒட்டியிருந்தன. சற்று நேரத்தில் தட்டுக்கு இறங்கி ஒரு கம்பைக் கொத்தியது. கழுத்தை நீட்டியது, மறுபடி நீட்டியது, விழுங்க முடியவில்லை. கம்பு எச்சிலோடு தட்டிலேயே விழுந்தது. மறுபடி ஒன்றைக் கொத்தியது, அதுவும் விழுந்தது. இப்படி ஐந்தாறு தடவை. அது நகர்ந்ததும் இன்னொரு மணிப்புறா வந்து அதே இடத்தில் கொத்தித் தின்றுவிட்டுப் போயிற்று.

நோய் பரவுகிற விதத்தை என் கண்முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

துண்டு போட்டுப் பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோனோம். மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு விரலால் அலகை விலக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய வாயின் உட்புறத்தில், நாக்குக்குப் பின்னால், மஞ்சளாகக் கட்டி கட்டியாக, திரிந்து காய்ந்த பால் மாதிரி ஒன்று தொண்டையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருந்தது. கெட்ட வாடை. ஒற்றி எடுத்ததை வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னச் சின்ன உருண்டைகள் துடித்துத் துடித்து நகர்ந்தன.

டிரைக்கோமோனாஸ் கல்லினே என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அது. பந்தயப்புறா வளர்ப்பவர்கள் இந்த நோயைக் கேங்கர் என்பார்கள். அந்தப் புறா அன்று மாலையே செத்தது.

நாங்கள் முதலில் நினைத்தவை

இது தெரிவதற்கு முன்னால் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் புறா எச்சத்தால் எங்கள்மேல் வருத்தம் இருந்தது, அதனால் மனம் உடனே அங்கே போயிற்று. அவரை அப்படி நினைத்ததற்குப் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். விஷமாக இருந்தால் அதே தட்டில் தின்ற காகமும் அணிலும் மைனாவும் தப்பியிருக்க முடியாது. சாவும் ஒரே நாளில் கூட்டமாக நடந்திருக்கும், தீனிப்பை நிறைந்திருக்கும். இங்கே ஐந்து நாளுக்கு ஒன்று, ஆறு நாளுக்கு ஒன்று என்று, எலும்பும் தோலுமாக இளைத்துச் செத்தன.

பறவைக் காய்ச்சலோ என்ற பயமும் இருந்தது. அந்தச் சந்தேகம் வந்தால் வீட்டில் வைத்து ஆராயவே கூடாது. செத்த பறவையை வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதல் பறவையைத் துணியில் சுற்றியதோடு சரி, அது தவறுதான். புறாக்களுக்கு வருகிற இன்னொரு நோயில் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை கீழ்மேலாகும், நடை தள்ளாடும். கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சலுக்கு நெருங்கிய வைரஸால் வருவது அது. எங்கள் பறவை எதிலும் அந்தக் கழுத்துத் திருகல் இல்லை.

தட்டில் என்ன நடந்தது

இந்த ஒட்டுண்ணி பறவையின் வாயிலும் தொண்டையிலும் தீனிப்பையிலும் வாழ்கிறது. நன்றாக இருக்கிற மாடப்புறாக்களே இதைச் சுமந்துகொண்டு திரியும், வெளியே ஒன்றும் தெரியாது. தாய்ப்புறா தீனிப்பையில் சுரக்கிற பாலை வாயோடு வாய் வைத்துக் குஞ்சுக்கு ஊட்டும்போது இதுவும் சேர்ந்து போகிறது. இவ்வளவும் இயற்கையாகவே நடப்பது. புறாக்கள் பிரிந்து பிரிந்து மேய்கிறவரை அது பெரிதாக வெடிப்பதில்லை.

ஈரம்தான் இதற்கு உயிர், உலர்ந்த இடத்தில் வெகுநேரம் தாங்காது. ஊறிய தானியத்தில் தாக்குப்பிடிக்கும், அழுக்குத் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் இருக்கும். நாங்கள் மார்கழி முழுக்க வைத்திருந்த தட்டு அதற்கென்றே செய்துவைத்தது மாதிரி இருந்தது. இன்னொரு விஷயமும் உண்டு. காகமோ மைனாவோ அலகில் தண்ணீரை மொண்டு தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படிக் குடிப்பதில்லை. அலகைத் தண்ணீருக்குள் முக்கியபடியே உறிஞ்சும். தொண்டைப் புண் உள்ள ஒரு புறா குடித்துவிட்டுப் போன சட்டியில் என்ன கலந்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

இது நம்மூரோடு நிற்கிற சங்கதி இல்லை. இங்கிலாந்தில் இதே ஒட்டுண்ணி 2005-இல் சிட்டு இனப் பறவைகளிடம் தெரியவந்து, 2006-இல் பெரிய கொள்ளைநோயாக வெடித்தது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் தீனி வைப்பது பெரிய வழக்கம். கிரீன்ஃபிஞ்ச் என்கிற பச்சைச் சிட்டு அந்தத் தீனித் தொட்டிகளில் கூடிச் சாப்பிட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தது. 2021-இல் அந்த நாட்டில் அதிகக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். புறாக்களிடமிருந்துதான் அதற்குத் தாவியிருக்கும் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோயுற்ற புறாவைப் பிடித்துத் தின்கிற வல்லூறுக்கும் வைரிக்கும்கூட இது தொற்றும். எங்கள் தென்னைக்கு அவ்வப்போது ஒரு வைரி வரும். உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புறாதான் அதற்கு எளிதான இரை என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. மனிதருக்கு இந்த ஒட்டுண்ணி தொற்றாது.

மருந்து கலந்த தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டேன். மெட்ரோனிடசோல் வகை மருந்துகள் கூண்டுப்புறாவுக்குக் கேட்கும். திறந்த தோட்டத்தில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. ஒன்றுக்கு அளவு மிஞ்சும், இன்னொன்றுக்குப் போதாது. பிடித்து அடைத்து வைத்தியம் பார்க்கவும் முடியாது, மணிப்புறா 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற காட்டுப் பறவை. “கூட்டத்தைக் கலைங்க, அது ஒண்ணுதான் வழி” என்றார் மருத்துவர்.

அமாவாசை

18-ஆம் தேதி தட்டையும் சட்டியையும் எடுத்துவிட்டோம். மண்ணாலானவற்றின் துளைகளுக்குள் இருக்கிற அழுக்கைக் கழுவித் தீர்க்க முடியாது என்பதால் உடைத்துப் புதைத்தோம். தட்டு இருந்த இடத்தில் இரண்டு விரற்கடை மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு தூவினோம். கொடிக்கயிற்றை இடம் மாற்றினோம். காலையில் எழுந்ததும் மதில் நிறைய புறாக்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் தோட்டத்துக் கதவைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. நோய் ஏற்கெனவே பிடித்திருந்த கடைசிப் பறவை 27-ஆம் தேதி செத்தது.

இரண்டு நாள் கழித்து, 29-ஆம் தேதி, தை அமாவாசை. அத்தை சோற்றை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றுவிட்டார்.

“ஏம்மா, இன்னிக்குமா வைக்கக் கூடாது? உன் மாமனாருக்குப் படைச்சிட்டு, காக்காவுக்கு வைக்காம நான் எப்படிச் சாப்பிடுவேன்?”

“வைங்க அத்தை. எப்பவும் போல இலையில வைங்க. தின்னு முடிச்சதும் இலையை எடுத்துடலாம்.”

வைத்தார். கூப்பிட்டார். நான்கு காகங்கள் வந்து ஐந்து நிமிடத்தில் முடித்தன. புறா எதுவும் கிட்டே வரவில்லை. இலையைச் சுருட்டி எடுத்தபோது அதில் ஒரு பருக்கைகூட இல்லை. எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. இத்தனை வருஷமாக அத்தை வைத்துவந்த சோற்றால் ஒரு பறவைக்கும் நோவு வந்ததில்லை. ஒரு பிடிதான் வைப்பார். தினம் புது இலை. வந்து தின்றால் முடிந்தது, அடுத்தது நாளைக்குத்தான். மார்கழியில் அரிசிமாவில் போடுகிற கோலமும் அப்படி, எறும்பும் குருவியும் பொறுக்கிய பிறகு மிச்சம் நாள் முடிவதற்குள் அழிந்துபோகும். அறுவடை முடிந்ததும் வீட்டு முகப்பில் கட்டுகிற நெற்கதிர்க் குஞ்சமும் அப்படியே. குருவி தொற்றிக்கொண்டு கொத்தும், கனத்த புறாவால் அதில் தொங்க முடியாது. நெல் காற்றில் உலர்ந்தே இருக்கும். நான் கொண்டுவந்த தட்டில்தான் மிச்சம் இருந்தது, ஈரம் இருந்தது, கூட்டம் இருந்தது.

மார்ச்சுக்குப் பிறகு

ஆறு வாரம் கழித்து, மார்ச் 1-ஆம் தேதி மறுபடி தொடங்கினோம். இப்போது இரண்டு செட் எவர்சில்வர் தட்டுகள். ஒன்று வெளியே இருந்தால் மற்றது மதிலில் வெயிலில் காயும். காலை ஏழு மணிக்கு இரண்டு கைப்பிடி தானியம், இருபது நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மிஞ்சினால் மறுநாள் குறைத்து வைப்போம். எட்டு மணிக்கு மேல் வெளியே தட்டு இருக்காது. தண்ணீர் காலையும் மதியமும் மாற்றுகிறோம், வெயில் காலத்தில் மூன்று தடவை. வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவைக்கிறோம். காயவைப்பதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலை. இதற்குத் தனி பிரஷ், தனி கையுறை, கழுவுவது தோட்டத்துக் குழாயடியில். சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோவதில்லை. பறவை எச்சத்திலிருந்து சால்மோனெல்லா என்கிற கிருமி நமக்கும் வரலாம். மழை பெய்கிற நாளில் தானியமே கிடையாது. மகளுக்கு இது கஷ்டமாக இருந்தது, இப்போது அவளே ஞாபகப்படுத்துகிறாள்.

மிக்சர், பிரெட், தயிர்சாதம் எதுவும் வைப்பதில்லை. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை யாரும் ‘பறவைக்காவது ஆகட்டும்’ என்று போடாதீர்கள், அதில் வருகிற நஞ்சு பறவையின் ஈரலைத்தான் கெடுக்கும்.

பாதிக் கவனத்தை தானியத்திலிருந்து மரத்துக்கு மாற்றிவிட்டோம். கறிவேப்பிலையைப் பழுக்க விடுகிறோம், கொண்டைக்குருவியும் குயிலும் அதற்கே வருகின்றன. கொய்யாவில் உச்சிப்பழங்கள் அவற்றுக்கு. முருங்கை பூத்தால் தேன்சிட்டு காலையிலிருந்து அங்கேதான். பூச்சிமருந்து அடிப்பதை அறவே நிறுத்தினோம். சிட்டுக்குருவி பெரிதானால் தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். முகப்பில் இரண்டு நெற்கதிர்க் குஞ்சம் கட்டினோம். ஏப்ரலில் ஒரு ஜோடி குருவி வந்தது. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்ததை அத்தைதான் முதலில் பார்த்தார்.

நோட்டில் இப்போதைய எண்ணிக்கை: மணிப்புறா நான்கைந்து, மாடப்புறா பத்துக்குள். மார்ச் கடைசியில் ஒரு மணிப்புறா உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அன்றே தட்டை எடுத்துவிட்டு இரண்டு வாரம் எதுவும் வைக்கவில்லை. அதன் பிறகு வந்த வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்தில் ஒரு பறவையும் சாகவில்லை. வேறெங்காவது போய்ச் செத்தவை இந்தக் கணக்கில் வராது.

பக்கத்து வீட்டு அண்ணன் இப்போது மாடியில் துணி காயப்போடுகிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புறாக்கூட்டத்தின் காய்ந்த எச்சத்தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. 2025-இல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடுகிற இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும், அதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்ததும் எல்லோரும் செய்தியில் பார்த்ததுதான். அறுபது புறாவை ஒரு தோட்டத்தில் கூட்டிவைத்திருந்தபோது எங்கள் தெருவில் நடந்ததும் அதன் சின்ன வடிவம்.

போன வாரம் பின்தெருவில் ஒரு வீட்டில் மணிப்புறா ஒன்று இரண்டு நாளாகப் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அத்தையும் கூட வந்தார். கிணற்றடியில் பெரிய பிளாஸ்டிக் தட்டு, நிறைய கம்பு, பாதி நனைந்து முளைவிட்டிருந்தது. நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை குனிந்து தட்டைத் தூக்கிக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு, “பழைய பிரஷ் ஏதாவது இருக்காம்மா?” என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டார்.